எச்சம் விழும் தெரு

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் மாசி மாதம் உள்ளூர்க்காரர்கள் யாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடப்பதில்லை. வெளியூர்க்காரர்கள் நடக்கிறார்கள், சற்று நேரத்தில் தோளைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எந்த மரத்துக்கு எவ்வளவு விலகிப் போகவேண்டும் என்பது உள்ளூர்க் கால்களுக்குத் தெரிந்திருக்கிறது. வேம்பைச் சுற்றி ஒரு வளைவு, புளியைச் சுற்றி இன்னொரு வளைவு. பால்கேன் கட்டிய சைக்கிள் ஒன்று நேரான தெருவில் நெளிந்து நெளிந்து போகிறது. ஓட்டுகிறவர் கண் ரோட்டை விட்டு எழவில்லை. தரையில் வெள்ளை வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் நேர் மேலே ஒரு கூடு.

கூடு என்றால் குருவிக்கூடு இல்லை. சுள்ளிகளை அள்ளிப் போட்டுக் கட்டிய மேடை. ஒரே வேம்பில் ஆறேழு மேடைகள் தெரிகின்றன. மேடைக்கு மேடை மஞ்சள்மூக்கு நாரைகள். பழைய புத்தகங்களில் இதற்குச் சங்குவளை நாரை என்று பெயர். ஊரில் நாரை என்றாலே போதும், இதுதான். நீண்டு நுனியில் சற்றே கீழ்நோக்கி வளைந்த மஞ்சள் அலகு. இறகில்லாத ஆரஞ்சு நிற முகம். வெள்ளை மார்பின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. வால்பக்கம் மட்டும் இளஞ்சிவப்பு. இத்தனை அலங்காரம் இருந்தும் வளர்ந்த நாரைக்குக் குரல் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அலகை அலகோடு தட்டி ஒரு கடகட சத்தம், அதுவும் துணையைக் கண்டால்தான். தெருவை நிறைத்துக்கொண்டிருக்கிற இரைச்சல் முழுக்கக் குஞ்சுகளுடையது. பசித்த குஞ்சுகள். காலை ஏழு மணிக்கு இந்த ஊரில் எந்த வீட்டு வானொலியும் எடுபடாது.

நாரை ஒன்று தெற்கேயிருந்து வருகிறது. கழுத்தை முன்னால் நீட்டி, காலைப் பின்னால் நீட்டி, ஓட்டு வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்துக்குள் இறங்கி, கடைசி நொடியில் சிறகை விரித்து நின்று, கூட்டின் விளிம்பைப் பிடிக்கிறது. குஞ்சுகள் அலறுகின்றன. தாயோ தகப்பனோ, வந்தது தலையைத் தாழ்த்தித் தொண்டையிலிருந்து மீன்களைக் கூட்டுத் தரையில் கக்குகிறது. மூன்று குஞ்சுகள் விழுந்து பிடுங்குகின்றன. பிடுங்குகிற வேகத்தில் ஒரு மீன் சுள்ளி இடுக்கில் நழுவி, இலைகளில் பட்டு, கீழே வீட்டு முற்றத்தில் விழுகிறது. கையளவு சிலேபி.

முற்றத்தில் அதற்காகவே ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது. அது ஓடவில்லை, பாயவில்லை. எழுந்து, சோம்பல் முறித்து, மீனிடம் நடந்து போகிறது. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஆச்சி விளக்குமாற்றை ஓங்குவதுபோல் ஓங்கி, இறக்கிவிடுகிறாள். இது தினமும் நடக்கிற நாடகமாக இருக்கவேண்டும். பூனை ஓங்கிய விளக்குமாற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“ஏளா, கொடியில கெடக்க துணிய எடுத்து உள்ள போடு. மேல ஒருத்தன் வாலத் தூக்கிட்டு நிக்கான்.”

உள்ளேயிருந்து மருமகளின் குரல் மட்டும் வருகிறது. “இப்பதான அத்தை விரிச்சேன்.”

“நீ விரிச்சது அவனுக்குத் தெரியவா செய்யும்?”

மருமகள் வந்து துணிகளை வாரிக்கொண்டு போகிறாள். கொடிக்கயிறு வேம்பின் எல்லைக்கு வெளியே, சுவரோரம், புதிதாக அடித்த ஆணியில் கட்டியிருக்கிறது. பழைய ஆணி வேப்பமரத்திலேயே துருவேறிக் கிடக்கிறது. மரம் வீட்டுக்காரருடையது, நிழல் வீட்டுக்காரருடையது, ஆனால் தையிலிருந்து ஆனி வரைக்கும் இடம் மாறிக்கொள்வது கொடிக்கயிறுதான். மரத்தின் கிளையை இரண்டு வெட்டு வெட்டினால் தீர்ந்துபோகும் தொந்தரவு இது. வெட்டவில்லை. இந்த ஊரில் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் வெடி போடுவதில்லை என்று சொல்வதைக் கேட்டு வியக்கிறவர்கள் பலர். எனக்கு வியப்பு இந்தக் கொடிக்கயிற்றின் மேல்தான். வெடி வருஷத்தில் ஒருநாள், துணி தினமும் காயவேண்டும்.

ஒன்பது மணிக்கு வெயில் உறைக்கத் தொடங்குகிறது. இரைதேடப் போனவை போக, கூட்டில் நிற்கிற நாரைகள் சிறகை அரைவட்டமாக விரித்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. நிழலில் குஞ்சுகள். சூரியன் நகர நகர நாரையும் அடிமேல் அடி வைத்துத் திரும்புகிறது. சில நாரைகளின் கால்கள் முழங்கால் வரை வெள்ளையாக இருக்கின்றன. தம் கால்களில் தாமே எச்சமிட்டு, அது காயும்போது கிடைக்கும் குளிர்ச்சியில் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழக்கம் நாரைக் குடும்பத்துக்கு உண்டு. தொண்டையில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சின் வாயில் ஊற்றுகிற நாரை ஒன்றையும் பார்க்க முடிந்தது. ஊற்றியதில் பாதி சிந்தியது.

இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி ஸ்லிம்பிரிட்ஜ் என்றோர் இடம் உண்டு. பீட்டர் ஸ்காட் என்ற ஓவியர், இளமையில் வாத்து வேட்டையாடித் திரிந்து பிறகு மனம் மாறியவர், 1946-இல் அங்கே நீர்ப்பறவைகளுக்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்கினார். உலகம் முழுக்க ஈரநிலக் காப்பகங்களுக்கு அது ஒரு முன்மாதிரி. அங்கே பறவை பார்ப்பதற்கு மரக்குடில்கள் கட்டியிருக்கிறார்கள். உள்ளே இருட்டில் பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் நீளவாக்கில் விட்ட துளை வழியாகப் பார்க்கவேண்டும். பேச்சு ஆகாது. சட்டை நிறம்கூட கண்ணை உறுத்தக்கூடாது. அந்த ஒழுங்கைக் குறை சொல்வதற்கில்லை. தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கியைக் கண்டு பழகிய பறவைக்கு மனிதத் தலை தெரிந்தாலே போதும், எழும்பிவிடும். கூந்தன்குளத்து டீக்கடை பெஞ்சில் அந்தத் துளை தேவைப்படவில்லை. கடைக்காரர் தேங்காய்ச் சிரட்டையை வெளியே வீசுகிறார். தலைக்கு மேல் கூட்டில் இருக்கிற நாரை கழுத்தைக்கூடத் திருப்பவில்லை.

கடை முன்னால் வேன் ஒன்று நிற்கிறது. காமிராக்காரர்கள் இறங்குகிறார்கள். ஒருவர் கையில் முழங்கை நீள லென்ஸ். அவர் முதலில் போனது குளத்துக்கரைக்கு. பறவையைத் தூரத்தில் வைத்துப் படமெடுக்கிற பழக்கம். தலைக்கு மேல் பதினைந்து அடியில் நிற்பது அந்த லென்ஸுக்குள் அடங்காது. அலகு மட்டும் தெரிகிறது என்று நண்பரிடம் குறைப்பட்டுக்கொள்கிறார்.

குளத்துக்கரை ஊரை ஒட்டியே இருக்கிறது. கரைமேல் ஏறினால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கீழே அறுவடைக்குப் பழுத்த பிசான நெல். கூந்தன்குளமும் அடுத்துள்ள காடன்குளமுமாகச் சேர்ந்து ஏறக்குறைய 130 ஹெக்டேர் பரப்பு. ஊர்க்காரர்கள் காத்துவந்த இடத்தை 1994-இல் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பிறகு ராம்சார் பட்டியல். 1971-இல் ஈரான் நாட்டில் காஸ்பியன் கடலோர ஊரான ராம்சாரில் கையெழுத்தான உடன்படிக்கை அது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைப் பட்டியலிடுகிறது. 2022 ஆகஸ்டில் இந்தியாவின் புதிய இடங்களை அறிவித்தபோது வேடந்தாங்கல், வெள்ளோடு, உதயமார்த்தாண்டபுரம், குமரி மாவட்டத்து வேம்பனூர் இவற்றோடு கூந்தன்குளமும் இருந்தது. அறிவிப்புப் பலகையின் மேல் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது. பலகைக்குக் கிடைத்த முதல் பயன் அதுவாக இருக்கலாம்.

ஈரநிலம் என்று பட்டியலில் ஏறியிருந்தாலும் இது பாசனக் குளம்தான். மனிதர் மண்சுமந்து கரை போட்டது. மடை வைத்தது. வடகிழக்குப் பருவமழையும் மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாயில் வரும் தண்ணீரும் சேர்ந்து நிரப்புவது. காமராசர் காலத்தில் கட்டிய அணை அது. நாங்குநேரி வட்டாரம் வறண்ட பூமி. தாமிரபரணி பொதிகையிலிருந்து இறங்கி வடக்கே ஒதுங்கிப் போய்விடுகிறது. இங்கே பனையும் உடைமரமும் செம்மண்ணும்தான் இயற்கை கொடுத்தது. நீர் தேங்கியிருப்பது மனித ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்குள் நாரையும் கூழைக்கடாவும் வந்து புகுந்துகொண்டன.

குளத்துக்குள் கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கின்றன. அவற்றிலும் கூடுகள். இங்கே கூழைக்கடாக்கள் அதிகம். சாம்பல் நிறம், கொழுத்த உடம்பு, அலகுக்குக் கீழே தொங்கும் பை. குஞ்சு தாயின் வாய்க்குள் தலையை விட்டு, கழுத்து வரை நுழைத்து, பைக்குள் கிடப்பதைத் தின்கிறது. பார்க்கிறவர்களுக்கு, யார் யாரை விழுங்குகிறார்கள் என்று சந்தேகம் வரும். பக்கத்து மரத்தில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்துகின்றன. பாம்புத்தாரா ஒன்று உடம்பை முழுக்கத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்துகிறது. கரண்டிவாயன்கள் வரிசையாக நடந்து அலகால் சேற்றுத் தண்ணீரை இடமும் வலமும் அரிக்கின்றன. ஓரத்தில் நாமக்கோழிகள், கறுப்பு உடம்பும் வெள்ளை நெற்றியுமாக, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு. ஒரு நாமக்கோழியை ஏன் இன்னொன்று துரத்துகிறது என்பதற்கு எந்த நியாயமும் இருப்பதாகத் தெரியவில்லை.

தள்ளி, தண்ணீர் வற்றி மண் தெரிகிற திட்டில் ஒரு கூட்டம் படுத்திருக்கிறது. எழுந்து நிற்கும்போதுதான் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புக் கோடுகள் தெரிகின்றன. வரித்தலை வாத்துகள். திபெத்திலும் மங்கோலியாவிலும் ஏரிக்கரைகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பவை. இமயமலையைத் தாண்டி வருகின்றன. காற்று மெலிந்த அந்த உயரத்தில் பறப்பதற்கென்றே அவற்றின் ரத்தம் பிராணவாயுவை இறுக்கிப் பிடிக்கும்படி அமைந்திருக்கிறது. அத்தனை மலை தாண்டி வந்தது மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சேற்றுத் திட்டில் பகல் முழுக்கத் தூங்குவதற்கு. இரவில் வயல்களுக்குப் போய் மேயும். நாரையைப்போல இது இங்கே குடும்பம் நடத்துவதில்லை. பங்குனி பிறந்தால் வடக்கு நோக்கிக் கிளம்பிவிடும். நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் நம் நாட்டுக்குள்ளேயே குளம் குளமாக அலைகிறவை. வெளிநாட்டுப் பறவைகள் சைபீரியாவிலிருந்து இங்கே முட்டையிட வருவதாக வேனில் வந்தவர் தம் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதைத் தமிழ்நாட்டில் எந்தச் சரணாலயத்துக்குப் போனாலும் கேட்கலாம். குளிர்காலத்தைக் கழிக்க வருவது வேறு, பிள்ளை பெற வருவது வேறு. குட்டை வற்றாத மழைக்காலம் முடிந்து, மீன்கள் பெருகி, தண்ணீர் மெல்லக் குறைந்து மீன்கள் நெருக்கமாகும் நேரம் பார்த்து நாரை குஞ்சு பொரிக்கிறது. அலகைப் பாதி திறந்து தண்ணீரில் வைத்து, காலால் சேற்றைக் கிளறி, அலகுக்கிடையில் மீன் தட்டுப்பட்டதும் மூடுகிற பறவை அது. கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. தண்ணீர் முழங்கால் ஆழத்துக்கு இறங்கினால்தான் அதற்குச் சமையல் நடக்கும். முன்கூட்டியே முற்றாக வற்றிவிட்டால் பாதி வளர்ந்த குஞ்சுகளோடு கூடு அப்படியே நின்றுபோகும். மழை பொய்த்த வருஷம் கூடே கட்டாது.

வனத்துறைக் காவலர் ஒருவர் துண்டில் எதையோ சுற்றி அணைத்துக்கொண்டு வருகிறார். துண்டுக்குள்ளிருந்து நீளமான அலகு எட்டிப் பார்க்கிறது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு. கூடைக்குள் ஏற்கெனவே இரண்டு. பறக்கிற வரைக்கும் மீன் கொடுத்து வளர்க்கவேண்டும். “காத்து அடிச்சா நாலஞ்சு விழும் சார்,” என்கிறார், யாரும் கேட்காமலே. குஞ்சு அவர் சட்டைப் பொத்தானைக் கொத்துகிறது. அவர் அதன் அலகை இரண்டு விரலால் விலக்குகிறார், மறுபடி கொத்துகிறது, மறுபடி விலக்குகிறார். இதற்கு நடுவில் தன் மகன் வேலைக்கு விண்ணப்பித்த கதையைப் பக்கத்திலிருந்தவரிடம் முழுதாகச் சொல்லி முடித்துவிடுகிறார்.

மடைக்குக் கீழே வரப்பில் ஒரு விவசாயி. தலையில் துண்டு, கையில் மண்வெட்டி. அவருக்குப் பறவைகளைப்பற்றி இரண்டு கருத்துகள் உண்டு.

“இந்தத் தண்ணி இருக்கே, இது தண்ணி மட்டும் இல்ல அண்ணாச்சி. அம்புட்டு எச்சமும் கரைஞ்சு வருது. உரம் போட்டது மாதிரி. கோடையில கொளத்துக் கரம்பைய அள்ளி வயல்ல அடிச்சா ரெண்டு வருஷத்துக்குக் கவலையே கெடையாது.”

கேட்டுக்கொண்டிருந்தவர் தலையாட்டுகிறார்.

“ஆனா இந்த நீலக்கோழி இருக்கு பாத்துக்கிடுங்க, அத மட்டும் கேக்காதீங்க. நாத்து நட்ட அன்னிக்கே வந்து புடுங்கிப் போட்டுட்டுப் போவும். திங்கவும் செய்யாது. சும்மா புடுங்கும்.”

தின்னாமல் புடுங்குவதில்லை, நீலத் தாழைக்கோழி நாற்றின் அடித்தண்டைத்தான் தேடுகிறது, மேல்பகுதியை எறிந்துவிடுகிறது. ஆனால் அதை அந்த வரப்பில் நின்று அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வராது. எறிந்த நாற்று அவருடையது.

சரணாலயம் என்று எல்லை போட்டாலும் நாரை அந்த எல்லைக்குள் மட்டும் சாப்பிடுவதில்லை. காலையில் கிளம்பி, சூடான காற்று மேலே எழும்பும்போது அதில் ஏறி வட்டமிட்டு, சுற்றுவட்டாரக் குளங்களுக்கெல்லாம் போகிறது. கூந்தன்குளம் படுக்கையறை, அடுக்களை மாவட்டம் முழுக்கப் பரந்து கிடக்கிறது. அந்த அடுக்களையைக் கட்டியது தாமிரபரணி. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேர்கிற வரைக்கும் ஏறக்குறைய 125 கிலோமீட்டர்தான் அதன் நீளம். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியாக வெள்ளைக்காரர் காலத்து ஸ்ரீவைகுண்டம். பெயர்களைச் சொல்லும்போதே மேலேயிருந்து கீழே ஆறு இறங்குகிறது. ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளம் மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம். பாசனம் 86,107 ஏக்கர் என்பது பொதுப்பணித்துறைக் கணக்கில் அச்சுப் பிசகாமல் வருகிற எண். அந்த வயல்களில் வருஷத்தில் பல மாதம் தண்ணீர் நிற்கிறது. நெல்வயலும் ஈரநிலம்தான் என்பதைக் கொக்குகள் முதலிலிருந்தே அறிந்து வைத்திருக்கின்றன.

ஆற்றின் மேல்பக்கம் திருப்புடைமருதூர். கடனாநதி வந்து தாமிரபரணியில் சேருகிற இடம். மதியம் மூன்று மணிக்குப் படித்துறையில் ஆள் இல்லை. ஒரு அம்மாள் மட்டும் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். ஆறு இரண்டாகப் பிரிந்து பாறைகளைச் சுற்றி மறுபடி கூடுகிறது. கரையில் மருத மரங்கள். தண்ணீருக்குள் வேரை இறக்கி, வெளுத்த தண்டோடு, கோபுரத்துக்குப் போட்டியாக எழும்பி நிற்கின்றன. ஊருக்குப் பெயர் கொடுத்த மரம்.

நாறும்பூநாதர் கோயிலின் ஐந்துநிலைக் கோபுரத்துக்குள் மரவேலைப்பாடும் சுவரோவியங்களும் இருக்கின்றன. குதிரைகளை ஏற்றிக்கொண்டு வருகிற கப்பல்கூட அங்கே வரைந்திருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. வெளியே மரத்தில் இருப்பதைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு. 2005-இல் இந்தக் கோயிலையும் ஆற்றங்கரையையும் ஒட்டிய மூன்று ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தைப் பறவைகள் காப்புப் பகுதியாக அறிவித்தார்கள். காட்டுயிர்ச் சட்டத்தில் அப்படியொரு வகையைப் புதிதாகச் சேர்த்த பிறகு நாட்டிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்டது இதுதான். சரணாலயம் என்று அறிவித்தால் ஊர்க்காரர்களின் போக்குவரத்துக்கு மூக்கணாங்கயிறு விழும். காப்புப் பகுதியில் சாமி கும்பிடலாம், குளிக்கலாம், தைப்பூசத்துக்குக் கூட்டம் கூடலாம். முதல் காப்புப் பகுதி காட்டுக்குள் அமையாமல் கோயில் வாசலில் அமைந்தது இந்த மாவட்டத்துக்குப் பொருத்தம்.

மருத மரத்தின் உச்சியில் நாரைகள். நடுக்கிளைகளில் வக்கா. பகலில் தூங்கி இரவில் இரைதேடுகிற கொக்கு இது. கழுத்தே இல்லாததுபோல் தலையைத் தோளுக்குள் இறக்கி, சிவந்த கண்ணை அரைவாசி மூடி உட்கார்ந்திருக்கிறது. இன்னும் தள்ளிப் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாக. ஒரே மரத்தில் பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும். குருக்கள் பிரகாரத்தைத் தாண்டி வருகிறார். கையில் குடை. வெயில் தாழ்ந்துவிட்டது, மழைக்கு அறிகுறி இல்லை. மரத்தடியை நெருங்கும்போது குடையை விரிக்கிறார், தாண்டியதும் மடக்குகிறார். மடக்கும் முன் ஒரு உதறல்.

குடம் தேய்த்த அம்மாள் தண்ணீர் முகர்ந்து இடுப்பில் வைக்கிறாள். மேலேயிருந்து ஒரு சுள்ளி அவள் முன்னால் விழுகிறது. எடுத்துக்கொள்கிறாள். அடுப்புக்கு ஆகும்.

திருநெல்வேலி டவுனுக்கு வரும்போது பொழுது சாய்கிறது. நயினார்குளம். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து புறப்படும் நெல்லைக் கால்வாய் ஊருக்குள் நுழைந்து இதை நிரப்புகிறது. ஒரு கரையில் மொத்தக் காய்கறி மார்க்கெட். லாரி, சுமைக்காரர்கள், அழுகிய முட்டைக்கோசின் வாடை, டீசல் புகை. கால்வாயில் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்துகொள்கிறது. குளத்தின் ஒரு மூலையில் அமலைச்செடி மூடிக்கிடக்கிறது; ஊதாப்பூ பூத்து அழகாக இருக்கிறது, தண்ணீரை மூச்சுமுட்ட அடிக்கிற அழகு. அமலை மேல் தாமரைக்கோழி நடக்கிறது. விரல்கள் அவ்வளவு நீளம், இலை அமிழவில்லை.

இந்தக் குளத்தை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனாலும் 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நோட்டுப் புத்தகமும் பைனாகுலருமாக இளைஞர்கள் இந்தக் கரைக்கு வந்துபோகிறார்கள். மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், உள்ளூர் இயற்கைக் கழகங்களைச் சேர்த்துக்கொண்டு நடத்துகிற தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. கல்லூரிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், வங்கியில் வேலைபார்க்கிறவர்கள் குளம் குளமாகப் பிரிந்துபோய் எண்ணுகிறார்கள். சரணாலயத்துக்கு வெளியே இருக்கிற குளங்களில் எத்தனை பறவை உண்டு என்பது அரசாங்கக் காகிதங்களில் ஏறத் தொடங்கியது இந்த நோட்டுப் புத்தகங்களிலிருந்துதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தக் கரைச்சுவர் பார்த்திருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி இரு கரையும் வழிந்தது. ஆறு பாயும் இரண்டு மாவட்டங்களிலும் குளங்கள் உடைந்து வயல்களில் மணல் மேடிட்டது. ஒரு குளத்தின் கரை உடைந்தால் அடுத்த குளத்துக்கு அது தாங்கமுடியாத வெள்ளம்; சங்கிலியாக இணைத்த ஏற்பாட்டின் மறுபக்கம். உடைந்ததைக் கட்டுகிறபோது பணமெல்லாம் கரைக்கே போய்ச்சேர்ந்தது. தூர்ந்துபோன வரத்துக்கால்வாய் கண்ணுக்குத் தெரியாத செலவு. அது எப்போதும் அடுத்த வருஷத்துக்கு.

கரையோரம் ஆழமில்லாத தண்ணீரில் நத்தைகுத்தி நாரைகள் பதினைந்து இருபது நிற்கின்றன. அழுக்கு வெள்ளை. சுவரில் உட்கார்ந்து கால் தொங்கப்போட்டிருக்கிறார் ஒரு பெரியவர், மூட்டை இறக்கி முடித்தவர், தோளில் சுமைத்துணி. பக்கத்தில் பேரன், கையில் அச்சுமுறுக்கு.

“தாத்தா, அந்தக் கொக்குக்கு வாய் சேரவே மாட்டேங்கு. ஒடஞ்சிருக்கா?”

“ஒடையலல. அதோட வாயே அப்படித்தான். நடுவுல சந்து இருக்கா? அத வச்சுதான் நத்தையப் பிடிக்கும்.”

“நத்தை ஓட்டையும் தின்னுருமா?”

“ஓட்ட எதுக்குத் திங்குது. உள்ள இருக்கத மட்டும் உருவிட்டு ஓட்ட அப்பிடியே போட்டுரும். உங்க ஆச்சி முருங்கைக்காய் திங்குதது மாதிரி.”

பையன் ஒரு நத்தை உருவப்படுவதைப் பார்க்கக் காத்திருக்கிறான். நாரை தலையைச் சாய்த்து அலகைத் தண்ணீருக்குள் விட்டு எதையோ அழுத்துகிறது, அசைக்கிறது, நிமிர்ந்து தொண்டையை உதறி விழுங்குகிறது. எல்லாம் தண்ணீருக்குள்ளேயே முடிந்துவிட்டது. பையனுக்கு ஏமாற்றம்.

எதிர்க்கரையில் இரண்டு பேர் வலைச் சுருளை டெம்போவிலிருந்து இறக்குகிறார்கள். பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்.

“நாளைக்கு மீன் பிடிக்கப் போறான். மீன்பாசி ஏலம் எடுத்தவன் ஆள் வந்தாச்சு.”

“அப்பம் இந்தக் கொக்கெல்லாம்?”

“இது நத்தை திங்கது. இத ஒண்ணும் செய்ய மாட்டான். மீன் திங்க நாரையத்தான் வெடி போட்டு வெரட்டுவான்.”

“வெரட்டுனா எங்க போவும்?”

“எங்க போவும்? ரெண்டு சுத்து சுத்திட்டு, வலைய இழுக்கும்போது சரியா வந்து பக்கத்துல நிக்கும். அதுக்கென்ன வெக்கமா?” பெரியவர் சுமைத்துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சுவரிலிருந்து இறங்குகிறார். “வாலே, லாரி வந்துட்டு. தக்காளி.”